கல்லூரி வானொலி ஊருக்குச் சொந்தமாகுமா?

கேள்வி இது: “எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம் எஃப்.எம். நடத்துகிறது. வாசலில் ‘சமுதாய வானொலி’ என்று பலகை. போட்டுக் கேட்டால் மாணவர்களின் அரட்டை, நடுவில் ஒரு பேராசிரியர் உரை, மறுபடி அரட்டை. இதில் சமுதாயம் எங்கே? பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான வானொலி ஊர் மக்களுக்காக நடக்க வேண்டும் என்று விதி ஏதாவது இருக்கிறதா?”

இருக்கிறது. ஒலிபரப்பாகும் நிகழ்ச்சிகளில் குறைந்தது 50 சதவீதம் அந்த வட்டார மக்களின் பங்கேற்போடு தயாரானதாக இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறை சொல்கிறது. உள்ளூர் மொழியும் வட்டார வழக்கும் வர வேண்டும் என்கிறது. நிலையத்தின் நிர்வாகத்திலேயே அந்தச் சமுதாயத்தின் முகம் தெரிய வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. காகிதத்தில் குறையில்லை. நடைமுறையில் ஏன் அரட்டையாகிவிடுகிறது என்பதைச் சில வருடம் இப்படி ஒரு நிலையத்தில் நிகழ்ச்சித் தயாரிப்பில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பிறந்த கதையிலேயே பாதி விடை இருக்கிறது. 1995 பிப்ரவரியில், போட்டியை ஒளிபரப்பும் உரிமை குறித்து வங்காள கிரிக்கெட் சங்கம் தொடர்பாக நடந்த வழக்கில், அலைக்கற்றை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அரசே மொத்தமாக வைத்துக்கொள்வதும் தப்பு, பணமுள்ளவர் கைக்கு மொத்தமாகப் போவதும் தப்பு என்பது அதன் சாரம். தீர்ப்புக்குப் பிறகு முதலில் ஏலம் விடப்பட்டது வணிக எஃப்.எம்.தான். சமுதாய வானொலிக்குக் கதவு திறந்தது 2002 டிசம்பரில். அதுவும் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். ஊர்ச் சங்கங்கள் கையில் மைக்கைக் கொடுக்க டெல்லிக்குத் தயக்கம். பல்கலைக்கழகம் என்றால் பதிவாளர் இருப்பார், துணைவேந்தர் இருப்பார், ஏதாவது ஆனால் பிடிக்க ஆள் உண்டு. இது என் ஊகம்தான், ஆனால் அந்தக் காலத்துக் கொள்கையைப் படித்தால் வேறு முடிவுக்கு வருவது கஷ்டம்.

அந்த வழியில் வந்த முதல் நிலையம் நம் சென்னையில்தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம்., 90.4 மெகாஹெர்ட்ஸ், 2004 பிப்ரவரி 1 அன்று தொடங்கியது. தொண்டு நிறுவனங்களும் வேளாண் அறிவியல் மையங்களும் விண்ணப்பிக்கலாம் என்று விதி மாறியது 2006 நவம்பரில். தெலங்கானாவின் பஸ்தாபூரில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ, தொண்டு நிறுவனம் ஒன்றின் முதல் உரிமம் பெற்ற நிலையமாக 2008 அக்டோபரில் ஒலிக்க ஆரம்பித்தது. அந்தப் பெண்களிடம் 1998 முதலே ஸ்டுடியோ இருந்தது. உரிமம் இல்லாததால் பத்து வருடம் நிகழ்ச்சிகளைக் கேசட்டில் பதிந்து, கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். கல்லூரிக்கு உரிமம் வந்த பிறகுதான் ஆள் தேடினோம். அங்கே ஆட்கள் தயாராக இருந்தார்கள், உரிமம்தான் வரவில்லை. இந்த வித்தியாசம் இன்றைக்கும் காதில் கேட்கும்.

அடுத்து, இந்த வானொலி எவ்வளவு தூரம் போகும் என்பது. பலரும் இதைத் தொழில்நுட்ப விஷயம் என்று தாண்டிவிடுவார்கள். எனக்கு இதுதான் மையம். சமுதாய வானொலிக்கு அனுமதிக்கப்படும் கதிர்வீச்சுத் திறன், அதாவது ஆன்டெனாவிலிருந்து வெளியேறும் அலையின் வலு, பொதுவாக 100 வாட். பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. அதுவும் ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்த கணக்கு என்பதால், உள்ளே இருக்கும் டிரான்ஸ்மிட்டர் பெரும்பாலும் 50 வாட்தான் இருக்கும். ஆன்டெனா தரையிலிருந்து 30 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. வணிக நிலையங்கள் கிலோவாட் கணக்கில் ஒலிபரப்புகின்றன என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எஃப்.எம். அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போவது. 30 மீட்டர் உயரத்திலிருந்து வெறும் தொடுவானக் கணக்குப் போட்டால் சுமார் 20 கிலோமீட்டர் வரும். ஆனால் இந்தத் திறனுக்கு, கட்டடமும் மரமும் இரைச்சலும் தின்றது போக, மிஞ்சுவது 5 முதல் 10 கிலோமீட்டர். நெறிமுறையும் அதைத்தான் எதிர்பார்க்கிறது. சென்னையில் அண்ணா எஃப்.எம்.முக்கு 90.4, பாம்பனில் மீனவர்களுக்காக நடக்கும் கடல் ஓசைக்கும் 90.4, பஸ்தாபூரிலும் 90.4 என்று ஒரே எண் பல ஊர்களில் இருப்பதற்குக் காரணமும் இதுதான். ஒன்றின் குரல் இன்னொன்றை எட்டாது.

இன்னொரு விதி: கல்வி நிறுவனம் என்றால் டிரான்ஸ்மிட்டரையும் ஆன்டெனாவையும் தன் முதன்மை வளாகத்துக்குள் மட்டுமே வைக்க வேண்டும். அதாவது, உங்கள் ‘சமுதாயம்’ யார் என்பதைப் பெரும்பாலும் பல்கலைக்கழகம் என்றைக்கோ நிலம் வாங்கிய இடம் முடிவு செய்துவிடுகிறது. காலாப்பட்டில் இருக்கும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் புதுவை வாணியை எடுத்துக்கொண்டால், சுற்றிலும் மீனவக் கிராமங்கள். கடல் எப்படி இருக்கிறது, வலை என்ன விலை, பிள்ளைக்கு எந்தப் படிப்பு என்று பேச ஒரு பொதுத்தளம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் இருக்கும் கிண்டியில் கதை வேறு. 5 கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால் 78 சதுர கிலோமீட்டர் வரும். 2011 கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தின் மக்கள் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 26 ஆயிரத்துக்கு மேல். பெருக்கினால் 20 லட்சம். கிண்டிக் காட்டையும் பெரிய வளாகங்களையும் கழித்தாலும் பல லட்சம் பேர். அடையாறு பங்களாவும் அந்த வட்டத்துக்குள், ஆற்றங்கரைக் குடிசையும் அதே வட்டத்துக்குள். இவர்கள் எல்லோரும் ஒரே சமுதாயமா? நகரத்து வளாக வானொலிகள் தடுமாறுவது இங்கேதான். எல்லோருக்கும் என்று ஆரம்பித்தால் வணிக எஃப்.எம்.மின் மெலிந்த நகலாகத்தான் முடியும். ‘இந்த மூன்று குடியிருப்பு, இந்தச் சந்தை, இந்தத் தையல் யூனிட்’ என்று பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்த நிலையங்களைத்தான் நான் நன்றாக நடக்கக் கண்டிருக்கிறேன்.

இனி சுற்றுச்சுவர். எங்கள் நிலையம் இருந்த வளாகத்தின் வாசலுக்கு எதிரே ஓர் அக்கா பூ கட்டி விற்பார். ஒப்பாரி பாடுவதில் அந்தப் பக்கத்தில் பெயர் பெற்றவர். ஸ்டுடியோவுக்கு வந்து பாடச் சொல்லிக் கூப்பிட்டோம், ஒருநாள் சாயங்காலம் வந்திருக்கிறார். வாசலில் அடையாள அட்டை கேட்டிருக்கிறார்கள். எந்த டிபார்ட்மென்ட், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். நாங்கள் எந்த டிபார்ட்மென்ட் என்று அவருக்கு எப்படித் தெரியும்? திரும்பிப் போய்விட்டார். மறுநாள் நான் போய்க் கேட்டபோது, “அது காலேஜு தம்பி, நமக்கெதுக்கு” என்றார். அந்த வாசலில் இருபது வருடமாக உட்கார்ந்து பூ விற்றவர்.

பிறகு ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு நாங்கள் போனோம். வீட்டுக்குள் வைத்து ஒப்பாரி பாட மாட்டேன், சாவு விழாத வீட்டில் பாடக் கூடாது என்றார். நியாயம்தானே. ஏரிக்கரையில் உட்கார்ந்து பாடினார். நடுவில் லாரி ஹாரன், ஒரு நாய், தூரத்தில் மோட்டார் சத்தம். எடிட்டிங்கில் உட்கார்ந்த பையன் அதையெல்லாம் மென்பொருள் வைத்துத் துடைக்க ஆரம்பித்தான். வேண்டாம் என்று நிறுத்தினேன். ஒலிபரப்பான அன்று வந்த போன்களில் பாதி, “அது நம்ம ஏரிதானே?” என்றுதான் ஆரம்பித்தது. அந்த ஒரு நிகழ்ச்சிக்குப் பிறகு, வாரத்தில் நான்கு நாள் பதிவு வெளியே, ஒருநாள்தான் ஸ்டுடியோ என்று மாற்றிக்கொண்டோம். நல்ல மைக், ஒலி உறிஞ்சும் சுவர், கண்ணாடித் தடுப்பு எல்லாம் தொழிலுக்கு அவசியம். ஆனால் ஏசி அறைக்குள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்க, “இன்னொரு தடவ சொல்லுங்கம்மா, கொஞ்சம் தெளிவா” என்று மூன்று முறை கேட்டால், யாராக இருந்தாலும் பாடப்புத்தகத் தமிழுக்குப் போய்விடுவார்கள். வட்டார வழக்கு வேண்டும் என்ற விதியை மீறுவது பெரும்பாலும் எங்கள் ‘ரீடேக்’தான்.

நீங்கள் சொன்ன மாணவர் அரட்டைக்கு வருவோம். மாணவர்களைத் திட்டிப் பயனில்லை. அவர்கள் கேட்டு வளர்ந்தது வணிக எஃப்.எம். மைக் முன்னால் உட்கார்ந்ததும் அந்தக் குரல்தான் வரும். இரண்டாவது காரணம் நாள்காட்டி. இதழியல் அல்லது காட்சித் தொடர்பியல் முதுகலை மாணவர் ஒருவர் முதல் செமஸ்டரில் கருவிகளைப் பழகி, இரண்டாவதில் ஊரைப் பழகி, மூன்றாவதில் நல்ல நிகழ்ச்சி செய்யத் தொடங்கும்போது நான்காவது செமஸ்டர் புராஜெக்ட், அதோடு விடைபெறுகிறார். ஊர்க்காரர்களுக்கு ஒவ்வொரு ஜூலையிலும் புது முகம். ஏப்ரல், மே மாதங்களில் பல நிலையங்களில் ரிப்பீட்தான் ஓடும். ஊருக்குத் தண்ணீர்ப் பஞ்சமும் வெயில் நோயும் வருவது அந்த மாதங்களில்! இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து, வெளியிலிருந்து இரண்டு மூன்று பேரையாவது சம்பளத்தோடு நிலையத்தில் வைத்துக்கொள்வது. தன்னார்வலர் என்று பெயர் வைத்து ஏழை வீட்டுப் பெண்ணிடம் இலவச வேலை வாங்குவது சமுதாயப் பங்கேற்பு ஆகாது.

அடுத்தது செய்தி. “எங்கள் ஊர்ச் செய்தியைச் சொல்லாத வானொலி எங்கள் ஊர் வானொலியா?” என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது கேட்பார்கள். சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப அனுமதி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை வேண்டுமானால் மாற்றாமல் மறுஒலிபரப்பு செய்யலாம். வானிலை, போக்குவரத்து, தேர்வு முடிவு, கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு, திருவிழா, மின்சாரம் – குடிநீர் பற்றிய அறிவிப்பு, இயற்கைப் பேரிடர், நோய் எச்சரிக்கை இவையெல்லாம் செய்திக் கணக்கில் வராது, தாராளமாகச் சொல்லலாம். ஆக, “நாளை இந்தத் தெருக்களில் குடிநீர் வராது” என்று சொன்னால் அறிவிப்பு. “மூன்று வாரமாகத் தண்ணீர் வரவில்லை என்று பெண்கள் குடத்தோடு மறியல் செய்தார்கள்” என்று சொன்னால் செய்தி. முதலாவதற்கு அனுமதி, இரண்டாவதற்கு இல்லை. எங்கள் நிலையத்தில் இதற்கு ஒரு வழி பிடித்தோம்: மறியலைப் பற்றிப் பேசாமல், தண்ணீர் வராத நாளில் ஒரு வீடு காலையிலிருந்து இரவு வரை எப்படி நடக்கிறது என்று அந்த வீட்டுப் பெண்ணையே பேச வைத்தோம். அது செய்தி இல்லை, வாழ்க்கை. கேட்க வேண்டியவர்கள் காதிலும் விழுந்தது. இருந்தாலும், ஒரு தடையைச் சுற்றிப் போகக் கற்றுக்கொண்டது சாமர்த்தியம்தானே தவிர, தடை சரி என்று ஆகிவிடாது. பல்கலைக்கழகங்களுக்கு இந்தத் தடை வசதியாக இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தையோ ஆளுங்கட்சியையோ சங்கடப்படுத்தும் நிகழ்ச்சியை ‘இது செய்தி மாதிரி இருக்கே’ என்று ஓரங்கட்ட ஒரு நல்ல காரணம் கையில் இருக்கிறது.

பணம் பற்றிச் சுருக்கமாக. விளம்பரம் மணிக்கு 5 நிமிடம் என்றுதான் ஆரம்பித்தது. பின்னர் 7 ஆனது. 2024 பிப்ரவரியில், சமுதாய வானொலியின் இருபதாண்டு நிறைவையொட்டி அண்ணா பல்கலைக்கழகத்திலேயே நடந்த தென்மண்டல மாநாட்டில், 12 நிமிடமாக உயர்த்தினார்கள். அரசு விளம்பரத்துக்கு 10 வினாடிக்கு 52 ரூபாயாக இருந்த கட்டணம் 74 ஆனது. 12 நிமிடத்தையும் அரசு விளம்பரமாகவே நிரப்பினால் மணிக்கு 5,328 ரூபாய். நிரப்பினால்! பெரும்பாலான நாட்களில் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றிரண்டு விளம்பரம் வந்தாலே பெரிது. சொந்தக் காலில் நிற்கும் கிராமத்து நிலையத்தை இது ஆட்டிவைக்கும். பல்கலைக்கழக நிலையத்துக்குக் கட்டடம், மின்சாரம், ஒன்றிரண்டு சம்பளம் நிர்வாகக் கணக்கில் போய்விடும். 2012-இல் அலைக்கற்றைக் கட்டணத்தை 19,700 ரூபாயிலிருந்து 91,000 ரூபாயாக ஏற்றியபோது சிறிய நிலையங்கள் பதறி, எதிர்த்து, கடைசியில் அரசு பின்வாங்கியது. வளாக நிலையங்களுக்கு அந்தப் பதற்றம் அவ்வளவாக இல்லை. பணக்கவலை இல்லாதது வரம்தான். ஆனால் கேட்பவர் குறைந்தாலும் நிலையம் ஓடும் என்பதால், கேட்பவரைத் தேடிப் போகும் அவசரமும் இல்லாமல் போகிறது.

அமெரிக்காவைக் காட்டிச் சிலர் வாதாடுவார்கள் என்பதால் ஒரு வார்த்தை. அங்கே பல்கலைக்கழகங்கள் உரிமம் வைத்திருக்கும் பொது வானொலிகள் நிறைய. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் நிலையம் முதல் உலகப் போர்க் காலச் சோதனைகளிலிருந்து வருகிறது. அந்த நிலையங்களுக்குச் செய்தித் தடை இல்லை. உள்ளூர்ச் செய்திதான் அவற்றின் உயிரே. வருடத்துக்குச் சில முறை நிகழ்ச்சியை நிறுத்தி நேயர்களிடம் நேரடியாக நன்கொடை கேட்பார்கள். 2025 ஜூலையில் அந்நாட்டு நாடாளுமன்றம் பொது ஒலிபரப்புக்கான சுமார் 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றபோது, நேயர் பணம் இருந்த நிலையங்களுக்கு மூச்சுவிட ஒரு வழி இருந்தது. நம் வளாக வானொலிக்கு நேயரிடம் பத்து ரூபாய் கேட்கும் தைரியம் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். கேட்டால் “எங்களுக்கு என்ன செய்தீர்கள்?” என்று திருப்பிக் கேட்பார்களே.

யார் கேட்கிறார்கள் என்பதில் இன்னொரு சிக்கல் வந்திருக்கிறது. வீடுகளில் தனி ரேடியோப் பெட்டி குறைந்துவிட்டது. ஆட்டோவிலும் டீக்கடையிலும் தையல் கடையிலும்தான் பார்க்க முடிகிறது. செல்போனில் எஃப்.எம். கேட்க இயர்போன் வயர் வேண்டும், அதுதான் ஆன்டெனா. இயர்போன் துளையே இல்லாத போன்கள் வந்ததும் அந்த வழியும் அடைபட்டது. போன்களில் எஃப்.எம். வசதியை முடக்கக் கூடாது என்று 2023-இல் மத்திய அரசு தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை அனுப்பியதற்குப் பின்னணி இதுதான். புயலில் கோபுரங்கள் விழுந்து நெட் போனால் மிஞ்சப்போவது ரேடியோ என்பது கடற்கரை மாவட்டத்தாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செயலியில் கேட்கலாமே என்பார்கள் சிலர். கேட்கலாம், ஆனால் செயலியில் கேட்பவர் துபாயிலும் இருக்கலாம். பக்கத்துத் தெருவில் இட்லி மாவு அரைப்பவரிடம் போய்ச் சேர்ந்ததா என்ற கேள்வி அப்படியே நிற்கும். நாங்கள் மாதம் ஒருமுறை மகளிர் குழுக் கூட்டத்தில் ஸ்பீக்கர் வைத்துப் பழைய நிகழ்ச்சியைப் போட்டுக் காட்டினோம். முதல் கூட்டத்தில் வந்த விமர்சனம்: “அந்தப் பொண்ணு ஏன் இவ்ளோ சிரிக்கிது?” அது எங்கள் தொகுப்பாளரைப் பற்றி. எந்த நேயர் ஆய்வும் அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்காது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? நிலையத்துக்கு ஆலோசனை, நிகழ்ச்சி இரண்டுக்குமாக ஒரு குழு இருக்கும். 2024 நெறிமுறைப்படி அதில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். அந்தக் குழுவில் வளாகத்துக்கு வெளியே இருந்து யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது கூடியது என்று நிலைய இயக்குநருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பட்டியலில் இருப்பதெல்லாம் துறைத்தலைவர்களின் பெயர் என்றால் உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அரசுப் பல்கலைக்கழகமாக இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இருக்கிறது, ஆனால் முதலிலேயே அதை எடுக்க வேண்டாம். உள்ளே இருக்கும் இரண்டு நல்ல ஆட்களும் பயந்துவிடுவார்கள்.

கடிதத்தோடு ஒரு பதிவையும் கொண்டுபோங்கள். உங்கள் ஊரில் கிணறு வெட்டியவர், மருத்துவச்சி, கரகம் ஆடியவர், ரேஷன் கடையில் எடை போடுபவர், யாராவது ஒருவரைச் செல்போனில் பத்து நிமிடம் பேச வைத்துப் பதியுங்கள். பக்கத்தில் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள், ஒலிபரப்பச் சம்மதம் என்று அவர் சொல்வதையும் கடைசியில் பதிந்துகொள்ளுங்கள். பாதி நேரத்தை ஊர்க்குரலால் நிரப்ப வேண்டிய கட்டாயம் நிலையத்துக்கு இருக்கிறது. நிரப்ப ஆள் இல்லாமல் தவிப்பதும் நிஜம். வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். எங்களிடம் அப்படி ஒரு பென்டிரைவோடு வந்து நின்ற டெய்லர் ஒருவர், பின்னாளில் இரண்டு வருடம் புதன்கிழமை நிகழ்ச்சியை நடத்தினார். வாசலில் அவரையும் முதல் மாதம் முழுக்க அடையாள அட்டை கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.